அறைக்குள் ஓர் இருப்புப்பாதை

ஒரு கேள்வியுடன் தொடங்குவோம். பேரளத்திலிருந்து காரைக்கால் வரை 23.5 கிலோமீட்டர். இந்தப் பாதையை ஓர் அறைக்குள் கொண்டுவந்து, அதில் வண்டியையும் ஓட்டிக் காட்ட முடியுமா? முடியும் என்றுதான் நெடுங்காட்டில் நாங்கள் நினைத்தோம். நாங்கள் என்றால் இயற்பியல் கற்பிக்கும் நானும், விடுமுறை நாட்களில் என் வீட்டுக்கு வரும் மாணவர்கள் சிலரும். பலகை வாங்கினோம், தண்டவாளம் பதித்தோம், வண்டியும் ஓடியது. ஆறே மாதத்தில் முழுவதையும் பிரித்துப் போட்டுவிட்டு, அடியிலிருந்து மறுபடியும் கட்ட வேண்டியதாயிற்று. முதல்முறை ஏன் தவறியது, இரண்டாம் முறை என்ன செய்தோம் என்பதை உங்களுடன் பகிர்ந்துகொள்ளவே இந்தக் கட்டுரை. பள்ளிப் பாடப்புத்தகத்தில் நீங்கள் படித்த இயற்பியலில் பெரும்பகுதி இதற்குள் அடங்கியிருக்கிறது.

முதலில் உண்மையான பாதையைப் பற்றிச் சில சொற்கள். காரைக்கால் பிரெஞ்சு ஆட்சியில் இருந்த காலத்தில், 1898ஆம் ஆண்டு, பேரளம்–காரைக்கால் பாதை திறக்கப்பட்டது. அது மீட்டர் பாதை. இரு தண்டவாளங்களுக்கும் இடையே 1000 மில்லிமீட்டர். வண்டிகளைத் தென்னிந்திய ரயில்வே ஓட்டியது. பேரளத்தில் கிளம்பும் வண்டி அம்பகரத்தூர், திருநள்ளாறு வழியாகக் காரைக்காலை அடையும். 1980களில் போக்குவரத்து நின்றது. பின்னர் தண்டவாளமும் பெயர்த்தெடுக்கப்பட்டது. பல ஆண்டுகள் மண்மேடு மட்டுமே மிச்சம். 2011இல் நாகூரிலிருந்து காரைக்காலுக்கு அகலப்பாதை வந்தது. பிறகு பேரளம் பாதையும் அகலப்பாதையாகப் புதிதாக அமைக்கப்பட்டது. 2025இல் அதில் சோதனை வண்டி ஓடியது.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். மீட்டர் பாதையை அகலப்பாதையாக்குவது என்றால் ஒரு தண்டவாளத்தைச் சற்றுத் தள்ளிவைப்பது மட்டுமன்று. இடைவெளி 1000 மில்லிமீட்டரிலிருந்து 1676 மில்லிமீட்டராகிறது. வண்டியின் எடை கூடுகிறது, வேகம் கூடுகிறது. எனவே மேட்டின் அகலம், பாலங்களின் வலிமை, வளைவுகளின் ஆரம் எல்லாம் மாறியாக வேண்டும். ஒட்டுப்போட்டுச் சரிசெய்ய முடியாத வேலை அது. எங்கள் சிறிய பாதைக்கும் அதே கதிதான் என்று அப்போது நாங்கள் அறியவில்லை.

அளவுகோல்

எந்தச் சிற்றுருவத்துக்கும் முதற்படி அளவுகோலைத் தீர்மானிப்பது. உலகெங்கும் அதிகமாகப் புழங்கும் சிற்றுருவத் தண்டவாளத்தின் இடைவெளி 16.5 மில்லிமீட்டர். மேலைநாடுகளின் 1435 மில்லிமீட்டர் பாதையை 87இல் ஒரு பங்காகக் குறுக்கினால் கிடைப்பது இது. ஆனால் நம் அகலப்பாதை 1676 மில்லிமீட்டர் ஆயிற்றே! 1676ஐ 16.5ஆல் வகுத்தால் ஏறக்குறைய 102 வருகிறது. ஆகவே அதே தண்டவாளத்தை நம் அகலப்பாதையாகக் கொண்டால், அளவுகோல் 1க்கு 102 ஆகிறது. 9 மில்லிமீட்டர் இடைவெளியுள்ள இன்னொரு வகைத் தண்டவாளமும் கிடைக்கிறது. அதைப் பழைய மீட்டர் பாதையாகக் கொண்டால் அளவுகோல் 1க்கு 111. இரண்டும் ஏறத்தாழ ஒத்துப்போகின்றன. எனவே பழைய பாதையின் ஒரு சிறு துண்டைப் புதிய பாதைக்கு அருகிலேயே வைத்துக் காட்டலாம்.

இனி நீளத்துக்கு வருவோம். 23.5 கிலோமீட்டரை 102ஆல் வகுத்தால் 230 மீட்டர். எந்த வீட்டு அறையிலும் அது அடங்காது. எனவே சிற்றுருவம் அமைப்போர் எல்லாரும் ஓர் உடன்பாட்டுக்கு வருகிறார்கள். வண்டியும் நிலையமும் பாலமும் அளவுகோலின்படி இருக்கும். அவற்றுக்கு இடையிலுள்ள வயல்வெளி மட்டும் சுருக்கப்படும். ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில் 2001இல் திறக்கப்பட்ட மாபெரும் சிற்றுருவக் காட்சியகத்திலும், புனேயில் 1998 முதல் இயங்கும் ஜோஷி சிற்றுருவ ரயில் அருங்காட்சியகத்திலும் இந்த முறையையே காணலாம்.

கன அளவின் விதி

நீளத்தை 102இல் ஒரு பங்காக்கினால் எடை எத்தனையில் ஒரு பங்காகும்? 102 என்று சிலர் அவசரமாகச் சொல்லக்கூடும். நீளம், அகலம், உயரம் மூன்றுமே குறைகின்றன அல்லவா? எனவே 102ஐ மூன்று முறை பெருக்க வேண்டும். விடை ஏறக்குறைய 10 இலட்சத்து 61 ஆயிரம். அகலப்பாதையில் சரக்கு வண்டிகளை இழுக்கும் டபிள்யூஏஜி-9 மின் எஞ்சினின் எடை 123 டன். அளவுகோலின்படி செய்தால் அது வெறும் 116 கிராம், ஒரு கொய்யாப்பழத்தின் எடை. நிலக்கரி ஏற்றும் பாக்ஸ்-என் வாகன் காலியாக இருந்தால் 22 டன் சொச்சம், நிறைந்தால் 81 டன். சிற்றுருவத்தில் இவை முறையே 21 கிராம், 77 கிராம்.

எடை இவ்வளவு குறைந்தால் என்ன கெடுதி? எஞ்சினின் இழுவிசை அதன் எடையைப் பொறுத்தது. சக்கரத்துக்கும் தண்டவாளத்துக்கும் இடையிலுள்ள உராய்வுதான் வண்டியை நகர்த்துகிறது. உலோகத்தின்மேல் உலோகம் என்னும்போது, எடையில் ஏறக்குறைய கால் பங்கே இழுவிசையாகக் கிடைக்கும். 116 கிராம் எஞ்சினுக்கு அது 29 கிராம் எடைக்குச் சமமான விசை. அதற்கு மேல் மோட்டார் எவ்வளவு முயன்றாலும், சக்கரம் நின்ற இடத்திலேயே சுழலும்.

இழுபட வேண்டியது எவ்வளவு என்றும் பார்ப்போம். எங்கள் வாகன்களை ஒரு பலகைமேல் வைத்து மெல்லச் சாய்த்தோம். 100 சென்டிமீட்டருக்கு 3 சென்டிமீட்டர் சரிவில் அவை உருளத் தொடங்கின. அதாவது உருளலுக்கு எதிரான தடை எடையில் 100க்கு 3. உண்மையான வாகன்களுக்கு இது 1000க்கு இரண்டு மூன்றுதான். சிறிய அச்சுகளில் உராய்வின் பங்கு அதிகம். 77 கிராம் வாகன் பத்து என்றால் 770 கிராம். சமதளத்தில் அவற்றை இழுக்கத் தேவை 23 கிராம் விசை. 29 இருக்கிறது, 23 போதும். வண்டி ஓடும். எங்கள் முதல் பாதையிலும் சமதளத்தில் அப்படித்தான் அழகாக ஓடியது.

முதல் தவறு: ஏற்றம்

காரைக்கால் பகுதி ஆறுகள் நிறைந்தது. அரசலாறு, நாட்டாறு, வாஞ்சியாறு, நூலாறு என்று கடலை நோக்கி ஓடும் ஆறுகளும் வாய்க்கால்களும் ஏராளம். ஆகவே பாலம் இல்லாமல் எங்கள் பாதை இருக்க முடியாது. பலகைமேல் நீலவண்ணம் பூசி ஆறு வரைந்தோம். அதன்மேல் பாலம் வைத்தோம். பாலம் உயரமாக இருந்ததால், தண்டவாளத்தை 30க்கு 1 என்ற சரிவில் மேலே ஏற்றினோம்.

அங்கேதான் வண்டி நின்றது. காரணத்தை நீங்களே கணக்கிடலாம். 30க்கு 1 ஏற்றத்தில் 770 கிராமை மேலே தூக்க 26 கிராம் விசை கூடுதலாக வேண்டும். எஞ்சின் தன் எடையையும் தூக்க வேண்டும், அதற்கு 4 கிராம். முந்தைய 23உடன் சேர்த்தால் 53. எஞ்சினால் முடிவது 29 மட்டுமே. சக்கரங்கள் சுழன்றன, வண்டி அசையவில்லை. எஞ்சினுக்குள் ஈயத் தகடுகளை வைத்து அதன் எடையை 300 கிராம் ஆக்கினோம். அப்போது இழுவிசை 75, தேவை 59. வண்டி தட்டுத்தடுமாறி ஏறியது. ஆயினும் மனம் ஒப்பவில்லை. கைம்மட்டம்போலக் கிடக்கும் டெல்டா நிலத்தில் 30க்கு 1 ஏற்றம் ஏது?

விடை மிக எளிது, தெரிந்த பிறகு! பாலத்துக்காகத் தண்டவாளத்தை உயர்த்தக் கூடாது, நிலத்தைத் தாழ்த்த வேண்டும். உண்மையில் நடப்பதும் அதுவே. வெள்ளக் காலத்திலும் நீர் தொடாதபடி இருப்புப்பாதை முழுவதும் மண்மேட்டின்மேல் ஒரே மட்டமாகச் செல்கிறது. வயலும் ஆறும் கீழே கிடக்கின்றன. இரண்டாம் முறை நாங்கள் பலகையைத் தளமாகப் போடவே இல்லை. சட்டங்களை ஏணிபோல இணைத்து, அவற்றின் மேல் பாதைக்கு மட்டும் ஒரு பட்டையை ஒரே மட்டத்தில் பொருத்தினோம். வயலுக்குரிய தெர்மக்கோல் தகட்டை 3 சென்டிமீட்டர் கீழே வைத்தோம். நிஜத்தில் அது 3 மீட்டர் உயர மேடு. ஆறு வரும் இடத்தில் தகட்டை வெட்டி இன்னும் கீழே இறக்கினோம். ஏற்றமும் இல்லை, நிலமும் நம் நிலம்போலவே தோன்றியது.

இரண்டாம் தவறு: மரம்

முதல் பாதையை நாங்கள் பதித்தது ஐப்பசி, கார்த்திகை மழைநாட்களில். தண்டவாளங்களை இடைவெளியின்றி ஒன்றோடொன்று முட்டும்படி நெருக்கி ஆணியடித்தோம். சித்திரையில் பார்த்தால் ஓரிடத்தில் தண்டவாளம் பாம்பைப்போல நெளிந்து கிடந்தது!

வெயிலால் உலோகம் விரிந்தது என்று மாணவர்கள் உடனே சொன்னார்கள். பாதி விடை அது. 90 சென்டிமீட்டர் நீளமுள்ள தண்டவாளம் 15 டிகிரி சூடேறினால் விரிவது கால் மில்லிமீட்டருக்கும் குறைவு. மறுபாதி மரத்தில் இருந்தது. மரம் காற்றின் ஈரத்தை உறிஞ்சிப் பருக்கும், ஈரம் போனால் சுருங்கும். நார் ஓடும் திசையில் இந்த மாற்றம் மிகக் குறைவு, நாருக்குக் குறுக்கே மிக அதிகம். எங்கள் பலகைகளின் நார், தண்டவாளத்துக்குக் குறுக்காக ஓடியது. 60 சென்டிமீட்டர் அகலப் பலகை நூற்றுக்கு ஒரு பங்கு சுருங்கினாலும் 6 மில்லிமீட்டர். மழைக்காலத்தில் பருத்திருந்த மரம் கோடையில் சுருங்கியது. அதே வேளையில் உலோகம் விரிந்தது. இரண்டுக்கும் நடுவில் சிக்கிய தண்டவாளம் வேறு வழியின்றி நெளிந்தது.

இரண்டாம் முறை ஒட்டுப்பலகை எடுத்துக்கொண்டோம். ஒரு படலத்தின் நார் நெடுக்காகவும் அடுத்ததன் நார் குறுக்காகவும் இருக்குமாறு அடுக்கி ஒட்டியிருப்பதால், ஒன்றின் சுருக்கத்தை மற்றது தடுக்கிறது. அதன் ஆறு பக்கங்களிலும் வார்னிஷ் பூசினோம். ஒரு பக்கம் மட்டும் பூசினால் மறுபக்கம் ஈரத்தைக் குடித்துப் பலகை வில்லாக வளைந்துவிடும். தண்டவாள இணைப்புகளில் கெட்டி அட்டையின் கனத்துக்கு இடைவெளியும் விட்டோம்.

உண்மையான பாதையில் இப்போது தண்டவாளங்களைப் பற்றவைத்து நெடுந்தூரம் ஒரே துண்டாக்குகிறார்களே, அது ஏன் நெளிவதில்லை என்று கேட்பீர்கள். ஒரு கிலோமீட்டர் எஃகுத் தண்டவாளம் தடையின்றி இருந்தால், 30 டிகிரி வெப்ப உயர்வில் 35 சென்டிமீட்டர் நீளும். ஆனால் கனமான கான்கிரீட் குறுக்குக் கட்டைகளும், அவற்றை இறுக்கிப் பிடிக்கும் ஜல்லியும் அதை நீளவிடுவதில்லை. நீட்சிக்குப் பதிலாக உள்ளே அழுத்தம் உண்டாகிறது. ஜல்லி சரியாக இல்லாத இடத்தில் அந்த அழுத்தம் வெளிப்பட்டுப் பாதை நெளியவும் கூடும். கோடையில் ஊழியர்கள் பாதையை ஓயாமல் கண்காணிப்பது இதனால்தான்.

மூன்றாம் தவறு: மின்சாரம்

சிற்றுருவ வண்டிக்கு மின்சாரம் தண்டவாளத்தின் வழியாகவே செல்கிறது. ஒரு தண்டவாளம் நேர்முனை, மற்றது எதிர்முனை, இடையே 12 வோல்ட் நேர்மின்னோட்டம். எங்கள் பாதையில் மின்சாரம் கொடுத்த இடத்தருகே வண்டி துள்ளிக்கொண்டு ஓடும். மறுகோடிக்குப் போனதும் நோயாளியைப்போல ஊரும்.

தண்டவாள உலோகத்தின் தடைதான் காரணம் என்று முதலில் எண்ணினோம். நிக்கல் வெள்ளி எனப்படும் அந்தக் கலப்பு உலோகத்தின் மின்தடை செம்பைவிடப் பதினைந்து மடங்குக்கும் மேல். ஆயினும் எங்கள் 12 மீட்டர் வளையத்தில் அதனால் ஏற்படும் இழப்பு அரை வோல்ட்டுக்குள்தான் அடங்கும். உண்மைக் குற்றவாளிகள் இணைப்புகள். மறுகோடிக்குச் செல்லும் ஒவ்வொரு வழியிலும் இரு தண்டவாளங்களையும் சேர்த்து 14 இணைப்புகள். கடற்காற்றின் உப்பும் ஈரமும் பட்டு, ஒவ்வோர் இணைப்பிலும் 1 ஓம் தடை உண்டானதாகக் கொள்ளுங்கள். ஒரு வழியில் 14 ஓம். வளையம் ஆதலால் மின்னோட்டம் இரண்டு வழியாகவும் பிரிந்து வருகிறது. எனவே விளைவுத் தடை 7 ஓம். வண்டி எடுப்பது அரை ஆம்பியர் என்றால், ஓமின் விதிப்படி இழப்பு 3.5 வோல்ட். 12 வோல்ட்டில் 8.5தான் வண்டிக்கு மிஞ்சுகிறது.

தீர்வு என்ன? மின்சாரத்தை இணைப்புகளை நம்பி அனுப்பவே கூடாது. வீட்டு மின்வேலைக்குப் பயன்படும் 1.5 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பி இரண்டைப் பலகைக்கு அடியில் நெடுகச் செலுத்தினோம். ஒவ்வொரு தண்டவாளத் துண்டுக்கும் அதிலிருந்து ஒரு சிறு கம்பியை மேலே கொண்டுவந்து பற்றவைத்தோம். இப்போது மறுகோடிக்கான இழப்பு பத்தில் ஒரு வோல்ட்டுக்கும் குறைவு.

வேகமும் வளைவும்

காட்சிக்கு வைத்தபோது ஒரு சிறுமி, "சார், உங்கள் ரயில் பறக்கிறதே!" என்றாள். அளந்து பார்த்தோம். நொடிக்கு ஒரு மீட்டர். 102ஆல் பெருக்கினால் மணிக்கு 367 கிலோமீட்டர்! உண்மையான வண்டி 100 கிலோமீட்டர் வேகத்தில் போகிறது என்றால், சிற்றுருவம் நொடிக்கு 27 சென்டிமீட்டர்தான் நகர வேண்டும்.

எங்கள் வளைவின் ஆரம் 45 சென்டிமீட்டர். நிஜத்தில் அது 46 மீட்டர். இந்திய அகலப்பாதையில் மிகக் கடுமையான வளைவுக்கே 175 மீட்டர் ஆரம் வேண்டும். 46 மீட்டர் வளைவில் உண்மை வண்டி 100 கிலோமீட்டர் வேகத்தில் திரும்பினால், அதன் பக்கவாட்டு முடுக்கம் நொடிக்கு நொடி ஏறக்குறைய 17 மீட்டர், புவியீர்ப்பு முடுக்கத்தையும் மிஞ்சியது. வண்டி கவிழ்ந்தே தீரும். சிற்றுருவ வண்டி ஏன் கவிழ்வதில்லை? அதற்குரிய முடுக்கம் இதில் 102இல் ஒரு பங்கே, அதாவது 0.16 மீட்டர். புவியீர்ப்போ சிறியதற்கும் பெரியதற்கும் ஒன்றுதான், 9.8 மீட்டர். பொம்மையின் அளவைக் குறைக்கலாம், பூமியின் ஈர்ப்பைக் குறைக்க முடியாது. சிற்றுருவத்தில் சரியாக ஓடுவதைக் கொண்டு பெரியதும் அவ்வாறே ஓடும் என்று முடிவுகட்டக் கூடாது என்பதற்கு இதைவிட நல்ல சான்று வேண்டுமா?

வேறொன்றில் சிற்றுருவம் நம்மைக் கடுமையாகத் தண்டிக்கிறது. இணைப்பில் அரை மில்லிமீட்டர் மேடுபள்ளம் இருந்தால் கண்ணுக்குத் தெரியாது. நிஜத்தில் அது 5 சென்டிமீட்டர் படி! எடை குறைந்த காலி வாகன் அங்கே தடம்புரளும். விரல் நுனியால் ஒவ்வோர் இணைப்பையும் தடவிப் பார்ப்பதே சிறந்த சோதனை.

ஏன் வளையம்?

எங்கள் முதல் பாதையை வளையமாக அமைத்தது வண்டி நிற்காமல் ஓட வேண்டும் என்பதற்காகவே. அது பொய் வளையம். இரண்டாவது உண்மையானது. வரைபடத்தை எடுத்துப் பாருங்கள். பேரளத்திலிருந்து திருவாரூர், அங்கிருந்து நாகப்பட்டினம், நாகூர், காரைக்கால், திருநள்ளாறு, அம்பகரத்தூர், மீண்டும் பேரளம். பேரளம் பாதை திரும்பி வந்ததால் இந்த வளையம் நிறைவெய்தியிருக்கிறது. 1898 முதல் பாதையின் முடிவாக இருந்த காரைக்கால், இன்று வழியிலுள்ள நிலையம்.

ஒரு மாணவர் வளையத்தின் நடுவே குறுக்குப் பாதை ஒன்றைப் போட்டு, வண்டியை எதிர்த்திசைக்குத் திருப்பலாம் என்றார். அங்கே ஓர் ஆபத்து உண்டு. வண்டி திரும்பி வந்து அதே பாதையில் எதிராகச் சேருமிடத்தில் இடத் தண்டவாளம் வலத் தண்டவாளத்தைச் சந்திக்கும். நேர்முனையும் எதிர்முனையும் நேரடியாக இணைந்து குறுக்குச் சுற்று உண்டாகும். அந்தப் பகுதியை இருபுறமும் வெட்டிப் பிரித்து, வண்டி உள்ளே இருக்கும்போது முனைகளை மாற்றும் சாவி வைத்தால் சரியாகிவிடும். குறுக்குச் சுற்றே நன்மை தரும் இடமும் உண்டு. 1872இல் அமெரிக்கரான வில்லியம் ராபின்சன் கண்ட தடச்சுற்றில், பாதையின் ஒரு கோடியில் மின்கலம், மறுகோடியில் ரிலே. வண்டி வந்தால் சக்கரமும் அச்சும் இரு தண்டவாளங்களையும் இணைத்துவிடும். ரிலேக்கு மின்சாரம் நின்று கைகாட்டி சிவப்பாகும். தண்டவாளம் உடைந்தாலும், மின்கலம் தீர்ந்தாலும் அதே சிவப்புதான். பழுது நேரும்போதும் பாதுகாப்பின் பக்கமே சாயும் ஏற்பாடு இது.

பிரிக்க அஞ்சாதீர்கள்

முதல் பாதையைப் பிரிக்கத் தீர்மானித்த அன்று மாணவர்களின் முகம் வாடிவிட்டது. "பழையதையே சரிபண்ணிக்கொள்ளலாமே, சார்" என்று ஒருவர் கேட்டார். பல வாரங்களின் உழைப்பு அல்லவா? நெளிந்த தண்டவாளத்தை நிமிர்த்தலாம், எஞ்சினில் இன்னும் ஈயம் வைக்கலாம். ஆனால் அடித்தளம் தவறாக இருக்கும்போது, மேலே செய்யும் ஒவ்வொரு திருத்தமும் அடுத்த பழுதுக்கு வழியாகிறது. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் 1946 முதல் மாணவர் சிற்றுருவ ரயில் சங்கம் ஒன்று இருக்கிறது. கணினித் துறையின் முன்னோடிகள் சிலர் அதன் தொலைபேசி ரிலேக்களோடு விளையாடி வளர்ந்தவர்கள். அவர்கள் இருந்த கட்டடம் 1998இல் இடிக்கப்பட்டபோது, அரை நூற்றாண்டுப் பாதையை விட்டுவிட்டு வேறிடத்தில் புதிதாகத்தான் தொடங்கினார்கள்.

நாங்களும் எல்லாவற்றையும் எறிந்துவிடவில்லை. தண்டவாளங்களும் வண்டிகளும் அப்படியே பயன்பட்டன. போனது பலகையும், எங்கள் தவறான எண்ணங்களும்தான்.

புதிய பாதையைக் காண வந்த பெரியவர் ஒருவர், ஓரமாக வைத்திருந்த 9 மில்லிமீட்டர் துண்டுக்கு முன்னால் நெடுநேரம் நின்றார். "தம்பி, நான் போன வண்டி இதுதான்" என்று பேரனுக்கு விரலால் காட்டினார். பேரன் கேட்ட கேள்வி: "தாத்தா, ரெண்டுக்கும் நடுவுல எவ்வளவு வித்தியாசம்?" நாங்கள் ஓர் அளவுகோலை அவன் கையில் கொடுத்தோம்.

நீங்களும் தொடங்கலாம். தண்டவாளம் வாங்க வசதியில்லையென்றால் அட்டையும் ஈர்க்குச்சியும் போதும். உங்கள் ஊர் நிலையத்தின் நடைமேடை நீளத்தைக் காலடியால் அளந்து, 102ஆல் வகுத்துப் பாருங்கள். அது உங்கள் மேசையில் அடங்குமா? அடங்காவிட்டால் எதைச் சுருக்குவீர்கள், எதைச் சுருக்கவே மாட்டீர்கள்? அதற்கு விடை காணும்போது நீங்கள் பொறியாளராகச் சிந்திக்கத் தொடங்கிவிட்டீர்கள் என்று கொள்ளலாம்.